சிசுவின் மூக்கடைப்பும் உப்பு நீர்ச் சொட்டும்

(கீரனூரில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்கென எழுதப்பெற்ற உபந்நியாசம்)



கார்த்திகை கழிந்து மார்கழிப் பனி இறங்கும் நாட்களில், குளத்தூர்த் தாலூகாவில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் இரவு நேரத்தில் ஒரு சப்தம் கேட்பதுண்டு. குழந்தையின் மூக்கில் சளி அடைத்து, மூச்சு ‘கர்கர்’ என்று இழுபடும் சப்தமே அது. குழந்தை மார்பில் வாய் வைக்கும். இரண்டு மிடறு குடிக்கும். மூச்சு முட்டி வாயை எடுத்துக்கொண்டு அழும். தாய்க்குத் தூக்கம் இராது. வீட்டிலுள்ள பெரியவர்கள் ஆளுக்கொரு கைமருந்து சொல்லுவார்கள். இவற்றுள் சில குணம் தரும். சில ஒன்றும் செய்யா. சிலவோ உயிருக்கே அபாயமாக முடியும். எது எவ்வகையது என்று பகுத்தறிதலே இவ்வுபந்நியாசத்தின் நோக்கமாகும்.

பயிர்க் கடனும் நகைக் கடனும் பேசவேண்டிய சங்கத்தில் சிசுவின் மூக்கைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். நகையைக் கொண்டுவந்து ஈடு வைக்கும் குடும்பங்களில் வைத்தியச் செலவைக் காரணமாகச் சொல்லுவோர் உண்டு. அச்செலவுகளுள் முன்னெச்சரிக்கையால் தவிர்க்கத் தக்கவையும் உண்டு. கடன் கொடுப்பது எப்படிச் சங்கத்தின் காரியமோ, வீண் கடன் நேராமற் காப்பதும் அப்படியே சங்கத்தின் காரியமாகும்.

சிசுவின் சுவாசம்

பெரியவர்களுக்கு மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுவார்கள். பிறந்து சில மாதங்கள் வரை சிசுக்கள் பெரும்பாலும் மூக்கினாலேயே சுவாசிக்கும் இயல்புடையவை. பால் குடிக்கும்பொழுது வாய் பாலுக்கும் மூக்கு காற்றுக்குமாக இரண்டு வேலையும் ஒருங்கே நடைபெற வேண்டும். சிசுவின் நாசித் துவாரமோ மிகச் சிறியது. ஆகையால் சிறிது சளி கட்டினாலும் அதற்குப் பெரும் உபத்திரவம் உண்டாகிறது. அடைப்பினால் குழந்தை மார்பை விடுவதைக் கண்ட தாய், தனக்குப் பால் போதவில்லை என்று மயங்கிச் சர்க்கரைத் தண்ணீரும் புட்டிப் பாலும் கொடுக்கத் தலைப்படுகிறாள். இதனால் தாய்ப்பால் உண்மையாகவே குறைந்துபோகிறது. மூக்கில் இருந்த குறை வயிற்றுக்கு வந்து சேர்கிறது.

பிறந்த சில வாரங்களில் ஜலதோஷம் ஒன்றுமில்லாமலே குழந்தை மூக்கால் சப்தமிடுவதும் தும்முவதும் உண்டு. நன்றாகப் பால் குடித்து, நன்றாகத் தூங்கி, காய்ச்சலின்றி இருக்குமானால் அதற்கு மருந்து ஒன்றும் வேண்டுவதில்லை.

எண்ணெயால் விளையும் தீங்கு

குளிப்பாட்டியபின் குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுதல் இப்பக்கத்தில் நெடுநாளைய வழக்கம். விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய், உருக்கின நெய் ஆகிய இவற்றை விட்டு, வாயால் மூக்கை ஊதுவதும் உண்டு. அன்பினாலேயே பாட்டிமார் இதனைச் செய்கின்றனர். ஆயினும் செயலின் பலன் அன்பைப் பார்த்து வருவதில்லை.

தண்ணீர் ஒரு துளி மூச்சுக் குழலில் தவறி விழுந்தால் உடனே புரையேறி, இருமல் அதனை வெளியே தள்ளிவிடும். எண்ணெயோ வழுவழுப்பானது. அது இருமலைத் தூண்டாமலே வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே அதனை ஜீரணிக்க வழியில்லை. அது தேங்கிய இடத்தில் அழற்சி உண்டாகி ஒருவகை நிமோனியா ஏற்படுகிறது. கிருமியால் உண்டானதல்லாமையால், கிருமியைக் கொல்லும் மருந்துகள் அதன் மூலகாரணத்தை நீக்கமாட்டா. 1925ஆம் வருஷம் கானடா தேசத்து வைத்தியர் லாப்லென் என்பவர், மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவதால் இவ்வியாதி நேர்வதை எழுதி வெளியிட்டார். 1973ஆம் வருஷம் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ என்னும் வைத்தியப் பத்திரிகையில், தென்னிந்தியக் குழந்தைகளுக்கு நேரும் இவ்வெண்ணெய் நிமோனியாவைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியாயிற்று. ஆகவே, இது எங்கோ நடப்பதொன்று என்று தள்ளிவிடுவதற்கில்லை.

உடம்பில் எண்ணெய் தடவி நீராட்டுவதை எவரும் விலக்கவில்லை. எண்ணெய் தோலோடு நிற்கட்டும். மூக்கு, வாய், காது ஆகிய துவாரங்களுக்குள் போகலாகாது என்பதே விஷயம். வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும் பெரியவர்களின் வாயிலுள்ள கிருமிகளைக் குழந்தைக்குக் கொடுப்பதாகும்.

உப்பு நீரின் குணம்

மூக்கடைப்புக்கு ஏற்றதும் அபாயமற்றதுமான உபாயம் அளவாக உப்புச் சேர்ந்த சுத்தமான நீரே. அளவு என்னும் சொல்லைக் கவனித்தல் வேண்டும். மாங்காயை அரிந்து உப்பிட்டு வைத்தால் அதிலுள்ள நீரெல்லாம் வெளியே வந்து காய் சுருங்கிப்போவதை ஊறுகாய் போடும் தாய்மார் அறிவர். உலர்ந்த திராட்சையை வெறுந்தண்ணீரில் போட்டால் அது நீரை உறிஞ்சி உப்புவதையும் அறிவர். மூக்கின் உட்சவ்வும் அவ்வாறே. உப்பு மிகுந்தால் எரிச்சல் காணும். உப்பே இல்லாவிட்டாலும் சவ்வுக்கு உறுத்தல் உண்டாகும். இரத்தத்தின் தன்மைக்கு ஒத்த உப்பு நீர் எதுவென்பதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாலந்து தேசத்து ஹாம்பர்கர் என்னும் சாஸ்திரி ஆராய்ந்தார். 1 லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு என்பதே அவ்வளவு. ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றும் உப்பு நீரும் இதே அளவினதாம்.

ஒரு பவுன் 8 கிராம் என்பதைச் சங்க அங்கத்தினர் யாவரும் அறிவர். ஒரு பவுன் எடைக்கு ஒரு கிராம் மிகுதியான உப்பு, ஒரு லிட்டர் நீருக்குப் போதும். பொன்னை நிறுக்கும் கவனத்தோடு உப்பையும் அளக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல ஞாபகக் குறிப்பாகும்.

உப்பு நீர் ஜலதோஷத்தைக் குணப்படுத்துவதன்று. ஜலதோஷம் ஒரு வாரம் பத்து நாட்களில் பெரும்பாலும் தானே தணியும். அதுவரை உலர்ந்து கெட்டியான சளியை இளக்கி, குழந்தை மூச்சு விடவும் பால் குடிக்கவும் உதவுவதே இதன் வேலை.

எங்கே பெறுவது, எப்படித் தயாரிப்பது

மருந்துக் கடைகளில் சிசுக்களுக்கென்றே சிறு புட்டிகளில் உப்பு நீர்ச் சொட்டு மருந்து விற்கப்படுகிறது. சுத்தமும் அளவும் நிச்சயமாயிருப்பதால் இதுவே உத்தமம். வாங்கும்பொழுது லேபிளில் ‘ஸோடியம் குளோரைடு’ என்று மட்டும் இருக்கிறதா என்று பார்த்தல் அவசியம். ஏனெனில், அதே உருவமுள்ள புட்டிகளில் ஆக்ஸிமெட்டாஸோலின், ஸைலோமெட்டாஸோலின் என்னும் இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்துகளும் விற்கப்படுகின்றன. வைத்தியர் சொல்லாமல் அவற்றைச் சிசுவுக்கு விடுதல் பெரும் அபாயம். புட்டியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி வைத்து, லேபிளிற் கண்ட காலத்துக்குமேல் உபயோகியாது எறிந்துவிட வேண்டும். ஒரு குழந்தையின் புட்டியை மற்றொரு குழந்தைக்கு எடுக்கலாகாது.

கடை தூரமாயிருந்து அவசரம் நேர்ந்தால் வீட்டிலும் தயாரிக்கலாம். தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, மூடியபடியே ஆறவிட வேண்டும். பின்பு 400 மில்லி, அதாவது இரண்டு டம்ளர் அளவு எடுத்து, அதில் சுத்தமான பொடியுப்பு 2.5 மில்லி சேர்க்க வேண்டும். மருந்துப் புட்டியின் அளவு மூடியில் இந்த 2.5 என்னும் கோடு காணப்படும். அக்கோட்டுக்குச் சமமாக உப்பு நிற்க வேண்டும், குவிந்திருத்தல் கூடாது. கல்லுப்பு இவ்வளவுக்கு ஒத்துவராது. உப்பு முழுதும் கரைந்தபின் உபயோகிக்கலாம். கண்ணளவு, கையளவு ஆகிய இரண்டும் இங்கே உதவா. பாத்திரம், கரண்டி, சொட்டுக் குழல் எல்லாம் கொதிநீரில் இட்டுச் சுத்தம் செய்தவையாயிருக்க வேண்டும். அன்று செய்த நீரை அன்றே உபயோகித்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

சொட்டு விடும் முறை

முதலில் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தோளின்கீழ் மடித்த துணியொன்றை வைத்தால் தலை சிறிது பின்னே சாயும். சொட்டுக் குழலின் நுனி மூக்கின் உட்புறத்தில் படாதபடி, ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்று அல்லது இரண்டு சொட்டு மட்டும் விட வேண்டும். ஒரு நிமிஷம் பொறுத்தால் சளி இளகும். குழந்தை தும்மினால் நல்லதே. தும்மலே பாதி வேலையை முடித்துவிடும்.

பின்பு, சுத்தமான மெல்லிய பருத்தித் துணியின் நுனியைத் திரி போல் முறுக்கி, உப்பு நீரில் நனைத்து, வாயிலில் வந்து நிற்கும் சளியை மெதுவாய் எடுத்துவிட வேண்டும். ஆழமாய் நுழைக்கலாகாது. ரப்பர்க் குமிழ் உறிஞ்சி வைத்திருப்போர், முதலில் குமிழை அமுக்கி, அதன்பின் நுனியை வாயிலில் வைத்து, மெல்ல விட வேண்டும். மூக்கினுள் வைத்து அமுக்கினால் சளி உள்ளே போகும். பால் கொடுப்பதற்குக் கால்மணி நேரத்துக்கு முன்பு செய்தால் குழந்தை சுகமாய்க் குடிக்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைக்குமேல் உறிஞ்சினால் சவ்வு வீங்கி அடைப்பு அதிகமாகும்.

விலக்க வேண்டியவை

கற்பூரம் கலந்த தைலத்தைச் சிசுவின் மூக்கிலும் மார்பிலும் தடவலாகாது. கற்பூரம் தோல்வழியாகவும் உடம்பிற் சேர்ந்து வலிப்பை உண்டாக்க வல்லது. நொச்சித் தழை வேதுபிடித்தல் பெரியவர்களுக்கு இதமாயிருக்கலாம். சிசுவைக் கொதிநீர்ப் பானையண்டை கொண்டுபோவது வெந்துபோவதற்கு வழியாகும். சாம்பிராணிப் புகையும் அடுப்புப் புகையும் பீடிப் புகையும் சிசுவின் நாசிச் சவ்வை வீங்கச் செய்யும். குளிப்பாட்டியபின் புகை காட்டுவதை விடுத்து, உலர்ந்த துணியால் தலையை நன்றாய்த் துவட்டினாற் போதும்.

கடையில் கேட்டு வாங்கும் இருமல், சளி மருந்துகளும் விலக்கத் தக்கவை. மத்தியப் பிரதேசத்தில் விஷம் கலந்த இருமல் மருந்தினால் குழந்தைகள் மாண்டதையொட்டி, 2025ஆம் வருஷம் அக்டோபரில் மத்திய அரசாங்கத்தின் சுகாதார சேவை இயக்ககம், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் எழுதிக்கொடுக்கலாகாது என்று அறிவித்தது. வைத்தியருக்கே இவ்விதி என்றால், கடைக்காரரைக் கேட்டு வாங்குவது எவ்வளவு தகாதது என்று சொல்ல வேண்டுவதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய சமயம்

மூக்கடைப்பு என்று எண்ணியிருக்கையில் வியாதி மார்புக்குள் இறங்கியிருக்கலாம். இதனைக் கண்டுபிடிக்க ஒரு கடிகாரம் போதும். குழந்தை அழாமல் அமைதியாயிருக்கும்பொழுது, சட்டையை உயர்த்தி, வயிறும் மார்பும் எழுந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேலும், 2 மாதம் முதல் 1 வயது வரை 50 அல்லது அதற்கு மேலும், 1 வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது நிமோனியாவின் அறிகுறியாகும். உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள கணக்கு இது.

மூச்சு இழுக்கும்பொழுது விலாவின் கீழ்ப்பாகம் உள்வாங்குதல், ஒவ்வொரு மூச்சிலும் முனகுதல், உதடு நீலம் பாய்தல், பால் குடிக்க மாட்டாமை, எழுப்பினாலும் கண் விழியாத மயக்கம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் கைமருந்துக்கு இடமில்லை. 2 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் கண்டாலும் அப்படியே. இரவென்றும் பகலென்றும் பாராமல் உடனே 108க்குத் தொலைபேசியிற் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோதல் வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் நாழிகையில் காரியம் மிஞ்சிப்போவதுண்டு.

நிமோனியாவுக்குக் காரணமான கிருமிகளுள் ஒன்றைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி, 2021ஆம் வருஷம் தமிழ்நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பெற்றது. குழந்தையின் அட்டையில் அது பதிவாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு வீட்டிலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சங்கத்தின் கடமை

புதுக்கோட்டைச் சீமை தாய் சேய் நலத்துக்கு அந்நியமானதன்று. 1912ஆம் வருஷம் சென்னை வைத்தியக் கல்லூரியில் தேறிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பிறந்த ஊர் புதுக்கோட்டை. கூட்டுறவு இயக்கமும் இக்காரியத்துக்குப் புதியதன்று. கூட்டுறவு மருந்தகங்கள் முன்பே நடந்து வந்தன. 2025ஆம் வருஷம் பிப்ரவரியில் திறக்கப்பெற்ற முதல்வர் மருந்தகங்களிலும் பல கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பில் அமைந்தன.

ஆகவே, சங்கங்கள் செய்யத் தக்கவை மூன்று. முதலாவது, தங்கள் விற்பனைச் சாலைகளிலும் மருந்தகங்களிலும் சிசுக்களுக்கான உப்பு நீர்ப் புட்டி எப்பொழுதும் இருக்கும்படி, முக்கியமாக ஐப்பசி முதல் மாசி வரை, பார்த்துக்கொள்ளுதல். இரண்டாவது, 60, 50, 40 என்னும் மூச்சுக் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதிச் சங்கக் கட்டிடத்தின் வாயிலில் ஒட்டிவைத்தல். மூன்றாவது, கிராம சுகாதாரச் செவிலியரை மாதக் கூட்டத்துக்கு அழைத்து, சொட்டு விடும் முறையைத் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் நேரிற் செய்துகாட்டச் சொல்லுதல். குளிப்பாட்டுகிற கைகள் அவர்களுடையவை. அவர்கள் கண்ணாற் கண்டு தெளிந்தால், மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் தானே மறையும்.

இம்மூன்றுக்கும் பெரும் பணம் வேண்டுவதில்லை. இக்கூட்டத்திலேயே இவற்றைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றினால், அடுத்த மார்கழியில் கீரனூர் வட்டாரத்துச் சிசுக்கள் பால் குடித்து நிம்மதியாய்த் தூங்கும்.