இரைச்சலுக்குள் ஒரு சிறு குரல்

(தோட்ட இளைஞர் மன்றமொன்றின் அறிவியல் மாலையில் ஆற்றிய உரை)

 

நான் சிறுவனாக இருந்த காலத்தில், எங்கள் லயத்து வீட்டில் பேட்டரியால் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. மழைக்கால இரவுகளில் அதனைத் திருப்பினால் பாட்டைவிட இடியின் கரகரப்பே மிகுதியாகக் கேட்கும். "பெட்டி கெட்டுவிட்டது" என்று வீட்டார் கூறுவார்கள். பெட்டி கெடவில்லை. எங்கோ நெடுந்தொலைவில் வெட்டிய மின்னலை அது உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கரகரப்புக்குள் ஒளிந்து கிடக்கும் ஒரு சிறு குரலைத் தேடிப் பிடிக்கும் கலையைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

வானொலித் தொடர்பை ஊதியத்திற்காக அன்றி, அறிவு வேட்கையின் பொருட்டுப் பயில்வோரை அமெச்சூர் வானொலியாளர் என்பர். அவர்களுள் ஒரு சிறு கூட்டத்தார் மிகக் குறைந்த ஆற்றலுடன் தாழ்ந்த அதிர்வெண்களில் குறிகளை அனுப்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அவற்றைக் கண்டறிய முயல்கின்றனர். இம்முயற்சியில் இரண்டு கேள்விகள் உண்டு. "கேட்டதா?" என்பது முதற்கேள்வி. "கேட்டது உண்மைதானா?" என்பது இரண்டாவது. முதற்கேள்வியைவிட இரண்டாவதே கடினமானது.

மார்க்கோனி கேட்டது

1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள போல்டு என்னுமிடத்திலிருந்து மோர்ஸ் முறையில் 'எஸ்' என்ற எழுத்துக்குரிய மூன்று புள்ளிகள் குறித்த நேரத்தில் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டன. அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில், நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில், பட்டத்தில் கட்டிய கம்பியை ஏரியலாகக் கொண்டு மார்க்கோனி காத்திருந்தார். மூன்று புள்ளிகளும் தம் காதில் விழுந்தன என்றார். உடனிருந்த உதவியாளர் கெம்ப் என்பவரும் கேட்டதாகக் கூறினார்.

உலகம் வியந்தது; ஆனால் ஐயமும் எழுந்தது. அது பகல் நேரம். பகலில் அவ்வகை வானொலி அலைகள் நெடுந்தொலைவு செல்வது அரிது. கேட்டவர் இருவர் மட்டுமே. தாளில் பதிவாகிய சான்று எதுவும் இல்லை. மேலும், எந்த எழுத்து வருமென்று அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். மூன்று புள்ளிகளை எதிர்பார்த்து இடிக்கரகரப்பைக் கூர்ந்து கேட்பவனுக்கு மூன்று புள்ளிகள் கேட்டுவிடுதல் இயல்பே. மார்க்கோனி உண்மையில் கேட்டாரா என்பதை அறிஞர்கள் இன்றும் விவாதிக்கின்றனர்.

மார்க்கோனி அந்த ஐயத்தை அலட்சியம் செய்யவில்லை. 1902ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் பயணம் செய்து, வந்த குறிகளைக் காகித நாடாவில் பதியச் செய்து, கப்பல் தலைவரையும் சாட்சியாக வைத்தார். முழுச் செய்திகள் ஏறத்தாழ 1,550 மைல் வரையிலும், 'எஸ்' எழுத்து ஏறத்தாழ 2,100 மைல் வரையிலும் பதிவாகின. பகலில் 700 மைலுக்கு மேல் எதுவும் எட்டவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. கேட்டதை மெய்ப்பிக்கச் சென்றவர்க்கு, இரவுக்கும் பகலுக்கும் உள்ள வேறுபாடு என்னும் புதிய உண்மையும் கிட்டியது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1921ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்க அமெச்சூர் சங்கம் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. அர்ட்ராசன் கடற்கரையில், குளிரிலும் மழையிலும் ஒரு கூடாரத்தில் அமர்ந்து, அமெரிக்க அமெச்சூர் நிலையங்களின் குறிகளை அவர் தேடினார். ஓர் ஆய்வாளர் சாட்சியாக உடனிருந்தார். கனெக்டிகட் மாநிலத்துக் கிரீனிச்சில் அமைந்த நிலையம் ஒன்றிலிருந்து வாழ்த்துச் செய்தி முழுமையாக வந்து சேர்ந்தது. அதில் அந்நிலையத்தை அமைத்த அறுவரின் பெயர்களும் இருந்தன. முன்கூட்டியே அறிந்த ஓர் எழுத்தைக் கேட்பது வேறு. பெயர்கள் அடங்கிய முழுச் செய்தியைப் படித்தெடுப்பது வேறு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாழ்ந்த அதிர்வெண்ணின் இயல்பு

30 முதல் 300 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத் தாழ் அதிர்வெண் என்பர். இந்த அலைகள் பூமியின் வளைவைத் தழுவிச் செல்லும்; இரவில் அயனி மண்டலத்தின் அடிப்பகுதியில் பட்டுத் திரும்பித் தொலைவு கடக்கும். ஆதலால்தான் ஜெர்மனியின் 77.5 கிலோஹெர்ட்ஸ் நிலையமும், ஜப்பானின் 40, 60 கிலோஹெர்ட்ஸ் நிலையங்களும் நேரக்குறி பரப்ப இப்பகுதியைத் தேர்ந்தன.

அமெச்சூர் வானொலியாளர்க்கென 2007ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு சிறு துண்டை ஒதுக்கியது. ஏரியலிலிருந்து வெளிச்செல்லும் ஆற்றல் ஒரு வாட்டுக்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. ஒரு வாட் என்பது சிறிய கைவிளக்கொன்றின் ஆற்றலே ஆகும்.

அந்த ஒரு வாட்டை எட்டுவதே பெரும்பாடு. 137 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2,190 மீட்டர். நல்ல ஏரியலுக்கு அதில் கால்பங்கு உயரம் வேண்டும். அதாவது 547 மீட்டர். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். வீட்டுக் கொல்லையில் அமெச்சூர் வானொலியாளர் நிறுத்தக் கூடியதோ 15 மீட்டர்க் கம்பம். உச்சியில் கம்பிகளைப் பரப்பி, அடியில் பெரிய கம்பிச்சுருள் ஒன்றை இணைத்தாலும், 100 வாட் செலுத்தினால் 99 வாட்டுக்கு மேல் மண்ணையும் சுருளையும் சூடாக்குவதில் வீணாகும். வெளிச்செல்வது ஒரு வாட்டின் ஆறில் ஒரு பங்களவே இருக்கலாம்.

மறுமுனையில் இரைச்சல் காத்திருக்கிறது. மின்னல் எழுப்பும் அலைகள் தாழ்ந்த அதிர்வெண்களில் வலிமை மிக்கவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்பவை. இடிமழை மிகுந்த நம் வெப்பமண்டலத்தில் இத்தொல்லை இன்னும் கடுமை. இதனுடன் வீடுகளின் மின்கருவிகள் எழுப்பும் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது.

மங்கில் சேரும் பால்

அவ்வாறாயின் அச்சிறு குரலை எவ்வாறு பிரித்தெடுப்பது? பால்மரம் வெட்டிய தலைமுறையினர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். வெட்டுக்கோட்டில் ஒரு நொடியில் கசியும் பால் கண்ணுக்கே தெரியாத அளவு. ஆயினும் அது ஒரே திசையில், ஒரே மங்கில், விடாமல் சொட்டுகிறது. சில மணி நேரத்தில் மங்கு நிறைகிறது. குறியும் அத்தகையதே. அது ஒரே அதிர்வெண்ணில் நிலைத்து நிற்பதால், நேரம் செல்லச் செல்லச் சேர்ந்துகொண்டே போகும். இரைச்சலோ பல திசைகளிலும் சிதறும் தூறல் போன்றது. மங்கின் வாயை எவ்வளவு குறுக்குகிறோமோ, அவ்வளவு குறைவாகவே தூறல் உள்ளே விழும்.

வானொலியில் மங்கின் வாய் என்பது நாம் திறந்து வைக்கும் அதிர்வெண் அகலம். அந்த அகலத்தை 2,500 ஹெர்ட்ஸிலிருந்து ஒரு ஹெர்ட்ஸாகக் குறைத்தால், உள்ளே வரும் இரைச்சலின் ஆற்றல் 2,500இல் ஒரு பங்காகும். ஆனால் இதற்கொரு விலை உண்டு. அகலம் குறையக் குறையக் குறியை மெதுவாக அனுப்பியாக வேண்டும்.

ஆதலால் மிக மெதுவான மோர்ஸ் முறை தோன்றியது. கையால் மோர்ஸ் அனுப்புவோன் நிமிடத்திற்குப் பன்னிரண்டு சொல் அனுப்பினால், ஒரு புள்ளிக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். மெதுமுறையில் ஒரு புள்ளிக்கு மூன்று நொடி, பத்து நொடி, முப்பது நொடி என்று ஒதுக்குவர். முப்பது நொடிப் புள்ளியாயின், ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை அனுப்ப ஏறத்தாழ 25 நிமிடமாகும். இதனைக் காதால் கேட்க இயலாது. கணினித் திரையில் மெல்லிய கோடாக வளர்வதைக் கண்ணால் படிக்க வேண்டும்.

2008ஆம் ஆண்டில் இத்துறைக்கு மற்றொரு கருவி கிட்டியது. அதனை உருவாக்கிய ஜோ டெய்லர், 1974ஆம் ஆண்டு அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் துணையுடன் ரசல் ஹல்ஸ் என்பாரோடு இணைந்து, மற்றொரு விண்மீனைச் சுற்றிவரும் துடிப்பு விண்மீனைக் கண்டறிந்தவர். அதற்காக இருவரும் 1993ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். விண்ணிலிருந்து வரும் நுண்ணிய துடிப்பைத் தேடிப் பழகியவர், பூமியிலுள்ள சிறு நிலையங்களுக்காக விஸ்பர் என்னும் முறையை அமைத்தார். நிலையத்தின் அழைப்புக்குறி, இருப்பிடம், ஆற்றல் ஆகிய மூன்று செய்திகளை மட்டும் அது ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில், வெறும் ஆறு ஹெர்ட்ஸ் அகலத்தில் அனுப்புகிறது. 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்த இரைச்சல், குறியைப் போல் 600 மடங்கு இருந்தாலும் கணினி அதனைப் படித்துவிடும். பிழைகளைத் தானே திருத்தும் கணக்கும் அதனுள் அடங்கியுள்ளது. செய்தி முழுமையாக அமைந்தால் மட்டுமே அது விடை தரும். "ஏதோ கேட்டது போலிருக்கிறது" என்று மழுப்பாது. ஆயினும் எப்போதாவது கணினியும் இல்லாத நிலையமொன்றை எழுதிக் காட்டுவதுண்டு. ஆகவே ஒரே ஒரு முறை தோன்றியதை அனுபவசாலிகள் நம்புவதில்லை.

நான் கண்ட கோடு

இனி, என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், 137 கிலோஹெர்ட்ஸ் அருகே என் கணினித் திரையில் மெல்லிய கோடொன்று தோன்றியது. இரவு ஏழு மணிக்குத் தோன்றி விடியற்காலையில் மறையும். தொலைதூர அலைகள் இரவில்தானே வரும்! மூன்று இரவுகள் உறங்காமல் பார்த்தேன். கோடு விட்டு விட்டு வந்த விதத்தில் ஓர் ஐரோப்பிய நிலையத்தின் முதலெழுத்தைக்கூடப் படித்துவிட்டேன். நண்பர்கள் பலருக்கு எழுதினேன், பாராட்டுகள் குவிந்தன.

நான்காம் நாள் அண்டை வீட்டார் உறவினர் திருமணத்திற்காக வெளியூர் சென்றனர். அன்று கோடு வரவில்லை. அவர்கள் திரும்பிய இரவு கோடும் திரும்பியது. அவர்கள் வீட்டு வாசலில் இரவெல்லாம் எரியும் விளக்கின் மின்வழங்கியே என் ஐரோப்பிய நிலையம்!

அன்றிரவு நான் பட்ட வெட்கம் சிறிதன்று. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மனம் கூறியது. ஆனால் என் சொல்லை நம்பி, தன் ஏரியலையும் அதே திசையில் கட்ட முனைந்திருந்தார் ஒரு நண்பர். அவருடைய பணமும் உழைப்பும் என் பொய்க்கோட்டின் மேல் நிற்கலாமா? மறுநாளே அனைவர்க்கும் எழுதி, கூற்றைத் திரும்பப் பெற்றேன். அந்த நண்பர் அளித்த மறுமொழி இன்றும் நினைவில் உள்ளது. "இனி நீங்கள் கேட்டதாகச் சொன்னால் நான் நம்புவேன்" என்று எழுதியிருந்தார்.

அன்று முதல் சில விதிகளைக் கைக்கொண்டு வருகிறேன். முதலாவது, குறியைத் தேடுமுன் வீட்டு மின்கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது. இரண்டாவது, சட்டத்தில் கம்பி சுற்றிய ஏரியலைத் திருப்பித் திருப்பி, இரைச்சல் எத்திசையிலிருந்து வருகிறதெனக் காண்பது. மூன்றாவது, அனுப்புநர் நிறுத்தும்போது குறியும் நிற்கிறதா என்று சரிபார்ப்பது. நான்காவது, முன்னரே தெரிந்ததைக் கேட்டால் அதனைச் சான்றாகக் கொள்ளாமல், தெரியாத செய்தியைப் படித்துச் சொல்வது. ஐந்தாவது, கேளாத இரவையும் குறிப்பேட்டில் "கேட்கவில்லை" என்று எழுதி வைப்பது.

இளைஞர்களுக்கு

கேட்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இப்பகுதியில் அனுப்புவோர்க்குத்தான் பெரிய ஏரியல் தேவை. வெளி இரைச்சலே மிகுதியாக இருப்பதால், கேட்போர்க்குச் சிறிய சட்ட ஏரியலே பெரும்பாலும் போதுமானது. சுவீடன் நாட்டின் கிரிமெட்டன் நிலையம் 1924ஆம் ஆண்டு பணி தொடங்கியது. 2004ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சுழலும் பழைய எந்திரத்தைக் கொண்டு சிறப்பு நாள்களில் 17.2 கிலோஹெர்ட்ஸில் அது மோர்ஸ் செய்தி பரப்புவதுண்டு. அத்தகைய அதிர்வெண்ணைக் கணினியின் ஒலி உள்வாயிலே நேரடியாக ஏற்கும். கம்பி சுற்றவும் கணினி இயக்கவும் தெரிந்த மாணவன் எவனும், மாணவி எவளும் இதனை முயன்று பார்க்கலாம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். இடி முழங்கும் அறிகுறி தென்படுமுன்னரே ஏரியலைக் கழற்றிவிட்டு விலகிவிடுங்கள். எந்தக் குறியும் உங்கள் உயிரினும் பெரிதன்று. அடுத்து, குறிகளை அனுப்ப விரும்புவோர் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி உரிய அனுமதி பெற்றே அனுப்ப வேண்டும்.

இரவு முழுவதும் காத்திருந்தும் திரையில் ஒன்றும் தோன்றாமற் போகலாம். மனந்தளர வேண்டா. அன்றைய குறிப்பேட்டில் "கேட்கவில்லை" என்று நேர்மையாக எழுதிவிட்டு உறங்கச் செல்லுங்கள். அவ்வாறு எழுதப் பழகியவர், ஒருநாள் "கேட்டேன்" என்று எழுதும்போது அதனை உலகம் ஏற்கும்.