பெருந்தொற்றும் நிறவெறியும்

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வகுப்பின் இறுதியில் ஒரு தோழர் எழுப்பிய கேள்விக்கு அன்று நான் சரியாக விடையளிக்கவில்லை. அமெரிக்காவில் கொரோனாவுக்குக் கறுப்பின மக்கள் பெருமளவில் பலியானது அவர்கள் ஏழைகள் என்பதாலா, கறுப்பர்கள் என்பதாலா என்று அவர் கேட்டார். வர்க்கமே அடிப்படை என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அமர்ந்தேன். பின்னர் விவரங்களைத் தேடிப் படித்தபோது அந்த ஒற்றை வரி போதாது என்று பட்டது. இன்றைய உரை அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சி.

2020 ஏப்ரல் தொடக்கத்தில் சிகாகோ நகரம் வெளியிட்ட கணக்கு இது. நகர மக்களில் கறுப்பினத்தவர் சுமார் 30 விழுக்காடு; அதுவரை கோவிட்டால் இறந்தோரில் அவர்கள் சுமார் 70 விழுக்காடு. அதே வாரத்தில் லூசியானா மாநிலத்திலிருந்தும் இதே போன்ற கணக்கு வந்தது. அதுவரை, கிருமி பணக்காரன் ஏழை பார்க்காது, எல்லோரையும் சமமாக்கிவிட்டது என்று ஊடகங்கள் எழுதிக் கொண்டிருந்தன. நம்மிலும் சிலர் அப்படிப் பேசினோம்.

ஆளும் தரப்பு என்ன சொன்னது? ஏப்ரல் 10 அன்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி (அவரும் கறுப்பினத்தவரே) வெள்ளை மாளிகையில் நின்று, மது, புகையிலை, போதைப் பொருள்களைத் தவிர்க்குமாறு அம்மக்களுக்கு அறிவுரை கூறினார். இந்த அறிவுரைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1896 இல் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃபிரடெரிக் ஹாஃப்மன், கறுப்பர்களின் உயர்ந்த இறப்பு விகிதத்திற்கு அவர்களது இனத்தின் இயல்பே காரணம் என்று ஒரு நூல் எழுதினார். காப்பீட்டு நிறுவனத்திற்கு அந்த முடிவு மிகவும் வசதியானது. சாகப் போகிறவனுக்கு எதற்குக் காப்பீடு? 1899 இல் அட்லாண்டாவில் தொண்டை அடைப்பான் நோய்க்குத் தன் குழந்தையைப் பறிகொடுத்த டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ், 1906 இல் இதற்கு மறுப்பாக ஓர் ஆய்வை வெளியிட்டார். வாழ்நிலையே இறப்பைத் தீர்மானிக்கிறது, இரத்தமல்ல என்பதைக் கணக்கைக் கொண்டே நிறுவினார். அதே டு பாய்ஸ் 1961 இல், தமது 93 ஆவது வயதில், அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

வாழ்நிலை என்றால் என்ன என்பதற்குத் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரிலுள்ள ஸ்மித்ஃபீல்டு பன்றியிறைச்சி ஆலையைப் பாருங்கள். சுமார் 3,700 தொழிலாளர்கள். பெரும்பாலோர் குடியேறியவர்கள், அகதிகள். வெட்டு மேடையில் தோளோடு தோள் உரச நின்றால்தான் அங்கே வேலை ஓடும். 2020 வசந்த காலத்தில் அந்த ஓர் ஆலையில் மட்டும் 1,294 பேருக்குத் தொற்று; நால்வர் மரணம். ஏப்ரல் 28 அன்று டிரம்ப், போர்க்காலச் சட்டமொன்றைப் பயன்படுத்தி, இறைச்சி ஆலைகள் தொடர்ந்து இயங்க வேண்டும் என்று ஆணையிட்டார். தொழிலாளர் பாதுகாப்புத் துறை அந்த நிறுவனத்திற்கு விதித்த அபராதம் 13,494 டாலர். நாடு முழுவதும் இறைச்சி ஆலைகளில் இனம் பதிவு செய்யப்பட்ட தொற்றாளர்களில் 87 விழுக்காட்டினர் வெள்ளையரல்லாதோர். மான்செஸ்டர் தொழிலாளர்களின் நிலையைக் கண்டு 1845 இல் எங்கெல்ஸ் இதற்குச் சமூகக் கொலை என்று பெயரிட்டார். அந்தச் சொல்லை விட்டால் வேறு சொல் இல்லை.

நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டிற்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. அவர்களிடமும் அடிக்கடி கை கழுவுங்கள் என்றே சொல்லப்பட்டது. 2020 மே மாதம் அங்கே தொற்று விகிதம் நியூயார்க் மாநிலத்தை மிஞ்சியது. போர் நடக்கும் நாடுகளில் பணியாற்றும் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு, உலகின் பெரும் பணக்கார நாட்டிற்குள் குழு அனுப்ப வேண்டியதாயிற்று.

இதுவரை சொன்னதெல்லாம் என் பழைய விடைக்குச் சாதகமானவை. இனி வருபவை அப்படியல்ல.

பிரிட்டன் அரசின் புள்ளியியல் அலுவலகம் 2020 மே மாதம் ஒரு கணக்கை வெளியிட்டது. வயதை மட்டும் ஈடு செய்து பார்த்தால், கறுப்பின ஆண்கள் கோவிட்டால் இறக்கும் வாய்ப்பு வெள்ளை ஆண்களைப் போல் 4.2 மடங்கு. வாழும் பகுதி, வறுமை, குடும்ப அமைப்பு ஆகியவற்றையும் கழித்த பிறகு 1.9 மடங்கு. வறுமையும் வாழ்நிலையும் பெரும் பகுதியை விளக்குகின்றன. ஆனால் எல்லாவற்றையும் கழித்த பின்னும் இரு மடங்கு எஞ்சி நிற்கிறதே, அதை என்ன செய்வது?

பல்ஸ் ஆக்சிமீட்டர் என்ற சிறு கருவியை இங்கே அறியாதவர் இருக்க மாட்டார். விரல் வழியே சிவப்பொளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை மதிப்பிடுகிறது. கருத்த தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும். கருவியோ பெரும்பாலும் வெளிர்நிறத் தோலை வைத்தே அளவு திருத்தப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே உண்மையில் ஆக்சிஜன் அபாயகரமாகக் குறைந்திருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. அந்த எண்ணைப் பார்த்துத்தான் படுக்கை ஒதுக்கினார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் வீட்டிற்கு அனுப்பினார்கள். 2021 கோடையில் நாமும் 94 என்ற எண்ணை நம்பி நம் கருத்த விரல்களை அதே கருவிக்குள் நுழைத்துக் கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

அதே டிசம்பரில் இந்தியானா மாநிலத்தில் ஒரு கறுப்பின மருத்துவர் கோவிட்டால் இறந்தார். தாம் வலியால் துடித்ததை மருத்துவமனை நம்பவில்லை, வெள்ளையராக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று படுக்கையிலிருந்தபடியே காணொலியில் பேசிவிட்டு இறந்தார். படித்தவர், தமக்கு எந்த மருந்து வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்தவர். அவருக்கு இல்லாதது பணமோ படிப்போ அல்ல.

ஆகவே தோழரின் கேள்விக்கு என் இன்றைய விடை: கறுப்பின மக்களை மலிவான கூலிகளாக நிறுத்தி வைத்தது அடிமை முறையும் அதன் மேல் வளர்ந்த முதலாளித்துவமும். அதைச் சரியென்று காட்ட அவை வளர்த்த நிறவெறி, பின்னர் கருவிக்குள்ளும் மருத்துவரின் கண்ணுக்குள்ளும் குடியேறிவிட்டது. கூலி உயர்ந்தாலும் அது தானாக வெளியேறாது. தனியே போராடி வெளியேற்ற வேண்டும். அந்நாட்டின் போராளிகள் இதை அறிந்திருந்தார்கள். கருஞ்சிறுத்தைகள் இலவச மருத்துவ நிலையங்களை நடத்தி, அரசு புறக்கணித்த அரிவாள் அணுச் சோகைக்குப் பரிசோதனை செய்தார்கள். 1970 ஜூலையில் யங் லார்ட்ஸ் அமைப்பின் புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள், நோயாளிகளை மனிதராக நடத்தக் கோரி நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையைக் கைப்பற்றினார்கள்.

2020 மே 25 அன்று காவலரின் முழங்காலடியில் உயிர்விட்ட ஜார்ஜ் ஃபிளாய்டின் உடற்கூறாய்வில் கொரோனா கிருமி இருந்தது தெரியவந்தது. பெருந்தொற்று அவரது வேலையையும் பறித்திருந்தது. முதற்கட்ட மதிப்பீட்டின்படி, அவ்வாண்டு அமெரிக்காவில் சராசரி ஆயுள் வெள்ளையருக்கு 1.2 ஆண்டுகள் குறைந்தது, கறுப்பினத்தவருக்கு 2.9, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கு 3 ஆண்டுகள்.

இந்த எண்கள் எல்லாவற்றையும் அரசுகள் மனமுவந்து தந்துவிடவில்லை. இனவாரி விவரம் கோரி நாடாளுமன்ற உறுப்பினர்கள் கடிதம் எழுதினார்கள். 'நியூயார்க் டைம்ஸ்' நாளேடு வழக்குத் தொடுத்து விவரங்களைப் பெற்றது. நம் நாட்டில் கோவிட் இறப்புகளைச் சாதிவாரியாக ஒன்றிய அரசு வெளியிடவே இல்லை. குடும்பநல ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2024 இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 2020 இல் ஆயுள் இழப்பு உயர்சாதி இந்துக்களுக்கு 1.3 ஆண்டுகள், பட்டியல் சாதியினருக்கு 2.7, பழங்குடியினருக்கு 4.1, இஸ்லாமியருக்கு 5.4 என்று மதிப்பிட்டது. அரசு உடனே மறுத்தது. மறுத்தவர்கள் தங்கள் கணக்கைச் சாதிவாரியாக, மதவாரியாக வெளியிடட்டும்.

அதுவரை, தூய்மைப் பணியாளர் சங்கத்தில் பணியாற்றும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் உங்கள் உறுப்பினர்களில் இறந்தவர்களின் பெயர், வயது, வேலை செய்த இடம், இறந்த நாள், எத்தனை மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்ற விவரங்களை, நினைவு மங்குவதற்குள் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த வகுப்பிற்கு வரும்போது அந்தக் குறிப்பேட்டைக் கொண்டு வாருங்கள்.