இயந்திரமும் பொறுப்பும்



சர்வதேசச் சட்டம் எங்கோ தொலைவில் பேசப்படும் பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். திருக்கனூரில் வாழும் எனக்கோ அது அண்டை ஊர்ச் செய்தி. எங்கள் வட்டாரத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18-ஆம் நாள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய 170 பேர் இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். 1956-இல் கையெழுத்தான உடன்படிக்கை, 1962 ஆகஸ்டு 16-இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் எழுதித் தரவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. எத்தனையோ குடும்பங்களின் குடியுரிமையை அவ்விதி தீர்மானித்தது.

உடன்படிக்கைக்கு உயிர் தருவது பொறுப்பு. கையொப்பமிட்ட நாடு வாக்குத் தவறினால், "ஏன் தவறினாய்?" என்று கேட்க இடமுண்டு. ஆனால், மனிதன் பொத்தானை அழுத்தாமலே, செயற்கை நுண்ணறிவு கொண்ட ஓர் ஆயுதம் தானே இலக்கைத் தேர்ந்து சுட்டுவிட்டால் யாரைக் கேட்பது? செய்தவரையா, வாங்கிய அரசையா, ஏவிய படைத்தலைவரையா? சர்வதேசச் சட்ட ஆராய்ச்சியில் புதிதாகப் புகும் இளம் அறிஞர்கள் இன்று எடுத்துக்கொள்ளும் வினாக்களுள் இது முதன்மையானது.

ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையின் 36-ஆம் விதி, புதிய ஆயுதம் சட்டத்திற்கு உகந்ததா என முன்கூட்டியே ஆராயுமாறு, அதனை ஏற்ற நாடுகளைப் பணிக்கிறது. துப்பாக்கியை ஒருமுறை சோதித்தால் அதன் இயல்பு விளங்கிவிடும். பயன்பாட்டிலும் கற்றுக்கொண்டே செல்லும் இயந்திரமோ, சோதனைக்குப் பின்னர் வேறுவிதமாக நடக்கக்கூடும். அப்போது பழைய சோதனை போதுமா? ஆராய்ச்சியாளர் தீர்க்கவேண்டிய முடிச்சு இதுவே.

இத்தகைய ஆயுதங்களை ஆராய ஜெனீவாவில் கூடிய அரசு வல்லுநர் குழுவிற்கு 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டின் அமன்தீப் சிங் கில் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக 2019-இல் பதினொரு வழிகாட்டு நெறிகள் ஏற்கப்பட்டன. பொறுப்பை இயந்திரத்தின்மீது சுமத்த இயலாது என்பது அவற்றுள் ஒன்று. நல்ல நெறிதான், ஆயினும் அது சட்டமாகக் கட்டுப்படுத்தாது. நெறியைச் சட்டமாக்கும் பணி எஞ்சி நிற்கிறது.

இலங்கையில் பிறந்து சர்வதேச நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய வீரமந்திரி, தொழில்நுட்பம் விரைய, சட்டம் உறங்கும் காவலனாய் இருப்பதை 1983-லேயே தம் நூலில் சுட்டிக்காட்டினார். காவலனை எழுப்புவோர் யார்? சட்டம் பயில்வோர் இயந்திரம் கற்கும் முறையை அறிதல் வேண்டும். கணிதம் பயில்வோர் சட்டத்தின் நுட்பத்தை அறிதல் வேண்டும். இவ்விரு கல்வியும் ஒருங்கே வாய்த்த அறிஞர்கள் நம் கிராமத்துப் பள்ளிகளிலிருந்தும் தோன்றுதல் வேண்டும்.