பெட்டியும் வரிசையும்: ஒரு கம்ப்யூட்டர் பாடம்

(ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சிங்கப்பூர் மார்சிலிங்கில் குடியிருப்பவன். பாலம் தாண்டினால் உங்கள் ஜோகூர். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்குத் 'தரவுக் கட்டமைப்பு' என்னும் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். "கம்ப்யூட்டர் படிப்புன்னா டைப் அடிக்கிறதுதானே ஐயா?" என்று ஒரு தகப்பனார் என்னைக் கேட்டார். இல்லைங்க. டைப் அடிப்பது விரல் வேலை. இந்தப் பாடம், எந்தச் சாமானை எங்கே, எப்படி வைத்தால் எடுக்கச் சுலபம் என்று யோசிக்கிற வேலை.

வீட்டில் கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறோம். கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். இதுக்குப் பேர் அடுக்கு. 1946-லேயே ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேய அறிஞர் இதைப் பற்றி எழுதும்போது 'புதை', 'தோண்டி எடு' என்ற பொருளில் பேர் வைத்தார். விடிவதற்கு முன்னே மோட்டார் சைக்கிளில் உட்லண்ட்ஸ் சாவடிக்குப் போய் நிற்கிறீர்களே, அது வரிசை. முந்தி வந்தவர் முந்திப் போவார் (குறுக்கே நுழைகிறவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்!). பழைய தோட்டத்தில் துரைக்குக் கீழே கிராணிமார், கிராணிக்குக் கீழே கங்காணிமார், கங்காணிக்குக் கீழே வெட்டு ஆட்கள். தலைகீழாக நிற்கும் மரம் அது. அதையும் நாங்கள் மரம் என்றுதான் சொல்கிறோம்.

இவ்வளவு எளிதென்றால் கல்லூரிப் பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள்? தட்டைக் கண்ணால் பார்க்கலாம். கம்ப்யூட்டர் நினைவகத்துக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைப் பிள்ளை மனப்பாடம் செய்துவிடுகிறான். பரீட்சையில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது.

ஆகவே நான் முதலில் கம்ப்யூட்டரை மூடச் சொல்வேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசை ஒன்று உண்டு. மாலையில் அங்கே ஏழெட்டு மாணவர்கள் வருவார்கள். அவர்களை அங்கங்கே நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டுக் கொடுப்பேன். சீட்டில் அடுத்தவர் பெயர் மட்டும் இருக்கும். இது 'இணைப்புப் பட்டியல்'. முதல் ஆளைப் பிடித்தால், அவர் அடுத்தவரைக் காட்டுவார், அவர் அதற்கடுத்தவரை. இப்போது நடுவில் உள்ள ஒருவரை நீக்க வேண்டும். அவசரக்காரப் பையன் அவரைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அப்புறம்? அவருக்குப் பின்னால் நிற்கிறவர்கள் யாரென்று சொல்ல ஒருவருமில்லை. பாதிப் பட்டியல் போச்சு! நீக்கப்படுகிறவரின் சீட்டில் உள்ள பெயரை முந்தி நிற்பவர் சீட்டில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவரை அனுப்ப வேண்டும். ஒரு தடவை ஆட்களைத் தொலைத்துப் பார்த்த பிள்ளை அந்த முறையை மறப்பதில்லை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹாலிம் என்ற விரிவுரையாளர் இதே கஷ்டத்துக்கு 2011-ல் வேறொரு வழி கண்டார். 'விசுவால்கோ' என்ற இணையதளத்தில் பெட்டிகளும் அம்புக்குறிகளும் நம் கண்முன்னே நகர்கின்றன. யாரும் காசில்லாமல் பார்க்கலாம். நல்ல காரியம். ஆனால் சினிமா மாதிரி பார்த்துக்கொண்டிருந்தால் பிரயோஜனமில்லை என்பது என் அபிப்பிராயம். அடுத்து எது நகரும் என்று காகிதத்தில் எழுதிவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்த வேண்டும். அந்தத் தளத்திலேயே கேள்வி கேட்டுச் சோதிக்கும் பகுதியும் இருக்கிறது.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜோகூர்த் தோட்டத்துப் பிள்ளை, தமிழ்ப்பள்ளியில் படித்தவள். மார்சிலிங்கில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். முதலாண்டுத் தேர்வு சரியில்லை. படிப்பை விட்டுவிட்டு ஃபேக்டரி வேலைக்குப் போகிறேன் என்றாள். "போகலாம், அதற்கு முன் தமிழ்ச் சொற்களை அகராதி வரிசையில் அடுக்கிக் காட்டு" என்றேன்.

அடுக்கினாள். 'பகல்' முன்னாலும் 'பக்கம்' பின்னாலும் வந்தன. அகராதியில் 'பக்கம்' அல்லவா முன்னால் வரும்? காரணம் இதுதான். யூனிகோடு முறையில் 'க்' என்பது ஒரே எழுத்தாக இல்லை. ககரம் ஒன்று, புள்ளி ஒன்று என்று இரண்டு குறிகள். புள்ளியின் எண் மற்ற எழுத்துகளின் எண்களுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. னகரமோ நகரத்துக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருக்கிறது. நம் முறையில் அது கடைசி மெய்.

மூன்று மாலை அந்தப் பிள்ளை கல் மேசையை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள், ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டவணையை நோட்டில் வரைந்துகொண்டு வந்தாள். மெய் 18 வரிசை. குறுக்கே புள்ளிக்கு ஒரு கட்டம், உயிருக்கு 12 கட்டம், ஆக 13. பெருக்கினால் 234. உயிர் 12, ஆய்தம் 1 சேர்த்தால் 247. "ஒவ்வொரு எழுத்துக்கும் வரிசை எண், கட்ட எண் என்று இரண்டு எண் கொடுத்து ஒப்பிட்டால் போதும் சார். புள்ளிக்குச் சுழியம்" என்றாள். இரு பரிமாண அணி என்று நாங்கள் கல்லூரியில் நடத்துவதை அவள் ஏழு வயதில் சுவரில் பார்த்துவிட்டாள்! அன்று 'பக்கம்' முன்னால் வந்தது. படிப்பை அவள் விடவில்லை. இப்போது இரண்டாம் ஆண்டு.

வரிசையாக அடுக்குவதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். 1,000 பெயர் உள்ள பதிவேட்டை நடுவில் திறந்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்த்துப் பாதிப் பாதியாகத் தள்ளினால், 10 தடவைக்குள் வேண்டிய பெயர் கிடைத்துவிடும். 10 லட்சம் பெயருக்கு 20 தடவைதான். அடுக்காமல் போட்டு வைத்தால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை கம்ப்யூட்டரைத் தொடாமல் காகிதத்தில் கட்டம் போட்டு அம்பு வரைந்துகொண்டிருந்தால், "படிக்காம என்னடா கிறுக்குற?" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த அம்பு எங்கே போகுது?" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவன் சொல்லிவிட்டால், அவனுக்கும் புரிந்துவிட்டது.

பரிசு வாங்கும் பிள்ளைகள் மேடையோரம் வரிசையில் காத்து நிற்கிறார்கள். முந்தி நிற்பவர் முந்தி வாங்கட்டும்.