கண்மாயில் மூளும் தீ: நன்மையும் தீமையும்

(அரியக்குடியில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நீருக்கும் நெருப்புக்கும் பகை என்பர். ஆயினும் நீர் நிற்க வேண்டிய இடத்திலேயே நெருப்பு மூளுவதைக் கோடைதோறும் நாம் காண்கின்றோம். தை மாதத்தில் வற்றத் தொடங்கும் கண்மாய், பங்குனி, சித்திரையில் தரை தெரியக் கிடக்கின்றது. ஆளுயரம் நின்ற சம்பும் கோரையும் சருகாகிவிடுகின்றன. யாரோ எறிந்த பீடித்துண்டாலோ, புதுப்புல் தளிர்க்கட்டும் என்று வைத்த தீயாலோ கண்மாய் பற்றிக்கொள்கின்றது. "குப்பை தொலைந்தது" என்று மகிழ்வோர் உண்டு. "கண்மாய் பாழாயிற்று" என்று வருந்துவோரும் உண்டு. காரைக்குடி வட்டாரத்து விவசாயம் வடகிழக்குப் பருவமழையையும் அதனைத் தேக்கும் கண்மாயையும் நம்பி நிற்பது. ஆதலின் இவ்விரு கட்சியாரின் கூற்றையும் நாம் நடுநின்று ஆராய்தல் வேண்டும்.

முதலில் நன்மையைக் கூறுவோம். பல ஆண்டுச் சருகு மண்டிய நீர்நிலையில் வெயில் தரையில் படாது. புதிய புல் முளைக்காது. தீயானது அச்சருகை நீக்கி வெளிச்சத்திற்கு வழி விடுகின்றது. சாம்பலில் உள்ள சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் மண்ணில் சேர்கின்றன. அஸ்ஸாம் மாநிலத்துக் காசிரங்காவில், பிரம்மபுத்திரா நதியின் வெள்ளச் சமவெளியில், வனத்துறையினரே வறண்ட பருவத்தில் உயர்ந்த புல்லைப் பகுதி பகுதியாக எரிக்கின்றனர். பின்னர் எழும் இளந்தளிரைக் காண்டாமிருகமும் மானும் விரும்பி மேய்கின்றன. இவ்வாறு எரிக்காவிடில் புல்வெளி நாளடைவில் புதராகவும் காடாகவும் மாறிவிடும்.

எனில், தீ நல்லதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு நுட்பம் உள்ளது. தீயின் குணத்தை நிர்ணயிப்பது மண்ணில் உள்ள ஈரம். அமெரிக்க நாட்டின் புளோரிடாவில் எவர்கிளேட்ஸ் என்னும் பரந்த சதுப்புநிலம் உள்ளது. மண்ணில் நீர் இருக்கும்போது அங்கே தீப் பிடித்தால் புல்லின் மேல்பாகம் மட்டுமே எரியும். வேர் பிழைத்துச் சில நாட்களில் தளிர்க்கும். கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்ட இடங்களிலோ, மக்கிய தாவரங்களால் ஆன மண்ணே எரிந்துபோகின்றது.

இதனினும் பெரிய பாடம் இந்தோனேசியாவில் கிடைத்தது. 1996-ஆம் ஆண்டு மத்திய கலிமந்தானில் சதுப்புக் காட்டைச் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் நெல்வயலாக்கும் திட்டத்தை அந்நாட்டு அரசு தொடங்கியது. கால்வாய்கள் வெட்டப்பட்டன, சதுப்பு உலர்ந்தது. 1997-இல் மழை பொய்த்தபோது அந்நிலம் பற்றி எரிந்தது. தரைக்கடியில் புகைந்த நெருப்பை அணைக்க இயலவில்லை; புகை கடல் கடந்து அண்டை நாடுகளையும் மூடியது. நெல்லும் விளையவில்லை, காடும் மிஞ்சவில்லை.

நம் கண்மாயின் அடியில் இருப்பது களிமண்ணும் வண்டலுமே. அது அவ்வாறு எரியாது. எனினும் நமக்கு வேறு தீமைகள் உள. சருகில் இருந்த தழைச்சத்து புகையோடு போய்விடுகின்றது. மக்கவிட்டால் அதுவே வயலுக்கு எருவாகியிருக்கும். கோடையில் ஆமையும் தவளையும் கண்மாய்ச் சேற்றிலும் சருகின் அடியிலும் ஒடுங்கிக் கிடக்கின்றன. ஓடித் தப்ப இயலாத இவை தீயில் மாள்கின்றன. தவளை குறைந்தால் வயலில் பூச்சியைத் தின்பது யார்? தீ கரைக்கு ஏறினால் பனையின் காய்ந்த மட்டைகள் பற்றிக்கொள்கின்றன. கரையைப் பிடித்து நிற்கும் புல்லும் வேரும் கருகிவிட்டால், ஐப்பசி மழையின் முதல் அடியிலேயே கரைமண் அரிக்கின்றது. கரை உடைந்தால் நஷ்டம் ஆயக்கட்டு முழுவதற்குமே ஆகும்.

நம் சிவகங்கை மாவட்டத்திலேயே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது. 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்விடமும் கண்மாய்களே. மழைக்குப்பின் வரும் பறவைகள் கண்மாயினுள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றுக்கு அச்சம் நேரக்கூடாது என்று அவ்வூர் மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அத்தகைய மரம் ஒரு கோடைத் தீயில் கருகினால் மறுபடி வளர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மேலும், எதை அழிக்கத் தீ வைக்கின்றோமோ அது அழிவதும் இல்லை. சீமைக்கருவேலின் மேற்பாகம் எரிந்தாலும் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வேரோடு பெயர்த்தாலன்றி ஒழியாது. சம்பின் உயிர் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கில் உள்ளது. சித்திரையில் எரித்தால் மேலே உள்ள சருகு போகின்றது. கிழங்கு அப்படியே இருக்கின்றது. ஆனால் சம்புக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்டு நீருக்குமேல் நின்று காற்றை உள்வாங்கினால்தான் கிழங்கு உயிர்வாழும். ஆகவே புரட்டாசியில், கண்மாய்க்கு நீர் வருமுன், தரையொட்டி அறுத்துவிட்டால், மழைநீர் அடித்தண்டை மூழ்கடிக்கும். கிழங்கு மூச்சின்றி அழுகும். அரிவாளும் மழையும் சேர்ந்து செய்யும் இவ்வேலையைத் தீ தனியே செய்ய முடியாது.

ஆதலின் பஞ்சாயத்து உறுப்பினர்கள் சில காரியங்களை மேற்கொள்ளலாம். கோடையில் சருகை அறுத்துக் குழியிலிட்டு மக்க வைக்கலாம், மேய்ச்சலுக்கும் விடலாம். கரையோரம் சில கஜ அகலத்திற்குச் சருகை நீக்கி வைத்தால் தற்செயலாக மூளும் தீ கரைக்கு ஏறாது. வேறு வழியின்றி எரிக்கவே நேர்ந்தால், துறையினரின் அனுமதி பெற்று, காற்றடங்கிய வேளையில், ஒரு மூலையை மட்டும் எரித்து, மற்றப் பகுதியை உயிரினங்களின் புகலிடமாக விடவேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. எது யாருடையது என்று தெரிந்து கேட்டல் நலம்.

அன்பர்களே! நெருப்பு அடுப்பில் இருந்தால் சோறு. கூரையில் ஏறினால் அழிவு. வரும் கோடைக்கு முன்னரே கிராமசபையில் இதனைப் பேசி, கண்மாயில் எவரும் தன் விருப்பம்போல் தீ வைப்பதில்லை என்று தீர்மானம் செய்வோமாக. கண்மாய் ஊருக்குப் பொது. அதைக் காக்கும் கடமையும் ஊருக்குப் பொது.