கடலைப் பார்த்தவளும் பையைப் பார்த்தவளும்

(விடுமுறைப் பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது குடும்பமா? நட்பா? கலசப்பாக்கம் பட்டிமன்றத்தில் ‘நட்பே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் பெருந்தகை அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! ஜவ்வாது மலைக் காற்றை வாங்கிக்கொண்டு, பந்தல் போதாமல் செய்யாற்று மணலைப் போலப் பரந்து அமர்ந்திருக்கிற எங்கள் ஊர்ப் பெருமக்களே!

கவனித்தீர்களா நடுவர் அவர்களே? எதிரணியைக்கூட ‘நண்பர்களே’ என்றுதான் அழைத்தேன். ‘மாமா, மச்சான்’ என்று உறவு சொல்லி அழைத்திருந்தால் இந்நேரம் மேடையிலேயே பஞ்சாயத்து ஆரம்பித்திருக்கும்! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் ஐயா அழகாகப் பேசினார். “மனைவி மக்களோடு மகாபலிபுரம் கடற்கரையில் போய் உட்காருங்கள், அதுதான் சொர்க்கம்” என்றார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். யாருக்கு ஐயா சொர்க்கம்?

விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து புளிசோறு கிளறுவது யார்? தயிர்சோறு பிசைந்து, வடகம் பொரித்து, ஊறுகாய்க்குத் தனி டப்பா தேடுவது யார்? வேனில் ஏறியதும், “என் கண்ணாடி எங்கே?” என்று கேட்பார் வீட்டுக்காரர். கண்ணாடி அவர் தலைமேலே இருக்கும்! கடற்கரை வந்தவுடனே என்ன நடக்கும்? பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடும். பின்னாலேயே அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார். ஓடும்போதே ஒரு குரல்: “ஏம்மா, பையைப் பாத்துக்கோ!”

ஆறு பை, ஏழு ஜோடி செருப்பு, ஒரு தண்ணீர்க் கேன். இவற்றுக்குக் காவல் யார்? அம்மா. நாய் வருகிறதா என்று கரைப் பக்கமே பார்த்து, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். அவள் பையைப் பார்த்தாள்! (பலத்த கைதட்டல்)

இப்போது எங்கள் கதையைக் கேளுங்கள். இந்த ஊர்ப் பள்ளியிலே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். ஒருத்தி மாவு மில் நடத்துகிறாள். ஒருத்தி அங்கன்வாடி ஊழியர். ஒருத்தி வங்கியில் காசாளர். ஒருத்தி கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறாள். ஐந்தாவது ஆள் நான். முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, என்னை ‘அம்மா’ என்கிறார்கள், ‘மேடம்’ என்கிறார்கள். ‘வாடி’ என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது நாலே நாலு வாய்தான்!

ஒருநாள் பூக்கட்டுகிறவள் கேட்டாள்: “ஏண்டி, நீதான் பெரிய படிப்புப் படிச்சவளாச்சே. நம்ம ஆத்துத் தண்ணி கடைசியா எங்கடி போய்ச் சேருது?”

ஐம்பது வயது அவளுக்கு. கடலைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

தைமாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து பேரும் வாடகை வண்டி பிடித்தோம். சேத்துப்பட்டு, வந்தவாசி, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் தாண்டிச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும், உள்ளே சித்திரம் செதுக்கிய அவர்களுடைய கல்லறைகளும் இருக்கிற ஊர். ஏன் அந்த ஊர்? அதற்குச் சற்றுத் தெற்கே வயலூர்ப் பக்கம்தான் நம்ம ஆறு கடலைத் தொடுகிறது.

ஜவ்வாது மலையில் பிறந்த செய்யாறு, இந்தக் கலசப்பாக்கத்தைத் தொட்டுக்கொண்டு போய், திருமுக்கூடலிலே பாலாற்றோடும் வேகவதியோடும் சேருகிறது. மூன்று ஆறும் கைகோத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. சேர்ந்த பிறகு பெயர் என்ன? பாலாறு மட்டும்தான். “என் பேரை ஏன் போடவில்லை?” என்று செய்யாறு சண்டை போட்டதா? நட்புக்கு இதைவிட இலக்கணம் வேண்டுமா?

எதிரணித் தம்பி எழுந்து, “பெயரை விட்டுக்கொடுப்பது கல்யாணத்திலும் உண்டே” என்பார். மூன்று பேர் சேர்ந்தால் அதற்குப் பேர் கல்யாணமா தம்பி? வீட்டிலே போய்ச் சொல்லிப் பாருங்கள்! (பலத்த சிரிப்பு)

அன்றைக்கு நாங்கள் சோறு கட்டிக்கொண்டு போகவில்லை. கடையிலே இட்லி வாங்கினோம். வண்டியில் பையை வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு மணலில் இறங்கினோம். பூக்கட்டுகிறவள் கடலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அவள் கணவர் இறந்து மூன்று வருஷம். பிள்ளைகள் பயந்துவிடும் என்று வீட்டிலே அழாதவள். “அழாதேடி” என்று நாங்கள் சொல்லவில்லை. நாலு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தோம். அரைமணி நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: “சுண்டல் வாங்கித் தர்றீங்களா, இல்ல இப்படியே உட்கார்ந்திருப்பீங்களா?” (கைதட்டல்)

நடுவர் அவர்களே! நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல். கடற்கரையில் தலைவி கலங்குவாள். பக்கத்தில் தோழி இருப்பாள். தொல்காப்பியர் தோழி பேசுவதற்கென்று களவியலிலும் இடம் வைத்தார், கற்பியலிலும் இடம் வைத்தார். என்ன பொருள்? கல்யாணத்துக்கு முன்னாலும் தோழி உண்டு, பின்னாலும் உண்டு! நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கல்யாணப் பத்திரிகை கொடுப்பதோடு தோழிக்கு விடை கொடுத்துவிடுகிறோம். அவர் நண்பர்கள் மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி வருவார்கள். பலகாரம் சுடுவது நாம்!

இந்தப் பர்வதமலை அடிவாரத்தில் ஓர் ஊர், கடலாடி. கடலே இல்லாத இடத்தில் அந்தப் பெயர்! சிலப்பதிகாரத்திலும் கடலாடு காதை என்று ஒன்று உண்டு. கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குப் போனார்கள். அவன் ஒரு பாட்டுப் பாடினான். அவள் ஒரு பாட்டுப் பாடினாள். இவள் மனசிலே வேறு ஆள் இருக்கிறான் என்று நினைத்து எழுந்து போய்விட்டான். தோளில் கைபோட்டு, “டேய், அது பாட்டுடா, உட்காருடா” என்று சொல்ல அங்கே ஒரு நண்பன் இருந்திருந்தால், மதுரை எரிந்திருக்குமா ஐயா? (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி அம்மையார் இரண்டு குற்றச்சாட்டு வைத்தார். ஒன்று, நண்பர்கள் சேர்ந்தால் பாட்டில் வரும். அம்மா, வள்ளுவர் 79 முதல் 83 வரை நட்புக்கு ஐந்து அதிகாரம் வைத்தார். அவற்றில் நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என்று மூன்று எச்சரிக்கை! பாட்டிலோடு கடலுக்குக் கூப்பிடுகிறவனை நாங்கள் இந்த அணியிலே சேர்க்கவில்லை. அவனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, கடல் ஆபத்து. உண்மை. மறுக்கவில்லை. 2004 டிசம்பர் 26-ஐ எந்தக் கரையும் மறக்காது. சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் நிற்கிற வெள்ளை நினைவுச் சின்னம், 1930-இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காகக் கட்டியது. ஆற்றங்கரைக்காரர்களாகிய நாம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவிலே மட்டும் அமைதியாக இருந்தால், “இங்கே அலை இல்லை” என்று இறங்காதீர்கள். தண்ணீர் கரையிலிருந்து உள்ளே இழுத்துப் போகிற வழி அதுதான். இழுத்துவிட்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும். நாங்கள் முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை. ஐந்து பேரும் கைகோத்தே நின்றோம். ஒருத்தி அடி வைத்தால் மற்றவள் இழுத்துக்கொண்டாள். அதுதான் நட்பு!

குடும்பம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரதசப்தமிக்கு அண்ணாமலையாரே கோயிலை விட்டுக் கிளம்பி நம்ம ஊர் வந்து, திருமாமுடீஸ்வரரைச் சந்தித்துச் செய்யாற்றில் தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார். திரும்பிப் போவதால் கோயில் குறைந்தா போகிறது? நானும் அன்று இரவு வீடு திரும்பினேன். வீட்டுக்காரர் பிள்ளைகளுக்குத் தோசை வார்த்திருந்தார். இந்தியா வரைபடம் மாதிரி இருந்தது. இலங்கை தனியாகக் கிடந்தது! (சிரிப்பு) ஆனால் வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் கேட்டார்: “கடல் எப்படி இருந்துச்சு?” குடும்பத்தோடு போனபோதெல்லாம் யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது.

ஆகவே பெரியோர்களே, உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு பழைய பெஞ்சு இருக்கும். அதில் நாலு தோழிகள் இருப்பார்கள். ஆண்டுக்கு ஒருநாள் அவளை அனுப்பி வையுங்கள். பையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் கடலைப் பார்க்கட்டும்! விடுமுறைப் பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது நட்பே, நட்பே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமைகிறேன்.