பாண் வாட்டும் மின்கருவி

வீடுகளில் 'ரோஸ்ரர்' என வழங்கும் கருவியைச் சிறுவர் வியப்போடு நோக்குவர். இரு பாண் துண்டுகள் அதனுள் இறங்குகின்றன. ஓரிரு நிமிடத்திற் பொன்னிறம் பெற்றுத் துள்ளியெழுகின்றன. பெரியோரோ, பாண் கருகிய அன்றுதான் அக்கருவியை நினைப்பது வழக்கம். அதனுள்ளே நிகழ்வது யாது?

மின்னோட்டம் பாயும் கம்பி எதுவாயினும் சிறிதேனும் சூடேறும். செம்பு காட்டும் தடை மிகக் குறைவு. ஆதலின் சுவரிலிருந்து வரும் கம்பியின் சூடு கைக்குப் புலப்படுவதில்லை. கருவியினுள் மைக்காத் தகடுகளிற் சுற்றப்பட்டிருக்கும் கம்பியோ பெருந்தடை உடையது. இரண்டினூடும் பாய்வது ஒரே மின்னோட்டமே. எனினும் ஒன்று வாளாவிருக்க, மற்றது தணலாகின்றது. 230 வோல்ற்றில் இயங்கும் 920 உவாற்றுக் கருவி 4 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். 9 உவாற்று விளக்குகள் நூறினை ஒருங்கே ஏற்றினும் அவ்வளவு வலு வேண்டியதில்லை.

இக்கருவியின் உயிர்நிலை அந்தக் கம்பியே. இரும்புக் கம்பியைக் காற்றிலே செந்தணலாக்கினால் அது ஒட்சிசனோடு சேர்ந்து, செதில் செதிலாக உதிர்ந்து, விரைவில் அறுந்துவிடும். நாள்தோறும் சிவந்தும் அறாத மலிவான கம்பி கிடைக்காதவரை நல்ல கருவி அமையவில்லை. 1906 ஆம் ஆண்டில் அல்பேட் மார்ஷ் என்னும் அமெரிக்கர் நிக்கலையும் குரோமியத்தையும் சேர்த்த கலப்புலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். இது சூடேறியதும் இதன் மேற்பரப்பில் குரோமியம் ஒட்சைட்டு மெல்லிய படலமாகப் படிகின்றது. அப்படலம் உதிராது ஒட்டிநின்று, மேலும் ஒட்சிசன் உட்புகாது தடுக்கின்றது. தானே கவசம் பூணும் உலோகம் என்று இதனைக் கூறலாம்.

சிவந்த கம்பியினின்று எழும் வெப்பக் கதிர்கள் பாணின் மேற்பரப்பைத் தாக்குகின்றன. முதலில் அங்குள்ள ஈரம் ஆவியாகின்றது. வெப்பநிலை ஏறத்தாழ 140 பாகை செல்சியசைக் கடந்ததும், மாவிலுள்ள சீனி வகைகளும் அமினோ அமிலங்களும் விரைந்து தாக்கமுற்றுப் பொன்னிறத்தையும் நறுமணத்தையும் பிறப்பிக்கின்றன. இதனை 1912 இல் எடுத்துரைத்தவர் பிரெஞ்சு அறிஞர் மயார். துண்டின் நடுவே ஈரம் எஞ்சியிருப்பதால் அப்பகுதி மென்மை கெடுவதில்லை. இன்னுஞ் சிறிது நேரம் விட்டாலோ மிஞ்சுவது கரி.

நிறுத்தவேண்டிய தருணத்தை அறிவது யார்? 1909 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கருவியில் அது இல்லத்தரசியின் வேலையாயிற்று. அருகே நின்று பாணைத் திருப்பிவைக்க வேண்டும். தானே நின்று பாணை மேலெழுப்பும் கருவிக்கு 1921 இல் சாள்ஸ் ஸ்ரைற் காப்புரிமை பெற்றார். பிற்காலக் கருவிகள் பலவற்றில் ஈருலோகப் பட்டை ஒன்று இவ்வேலையைச் செய்தது. ஒட்டிய இரு உலோகங்களுள் ஒன்று மற்றதிலும் கூடுதலாக விரிவதால் பட்டை வளைந்து, கொளுவியை விடுவிக்கும். சுருள்வில் பாணை எழுப்பும். இத்தகைய கருவி முன்னரே சூடாயிருந்தால் பட்டை விரைவில் வளைந்துவிடும். இரண்டாம் முறை இட்ட பாண் வெளிறியிருப்பின் பாணை நோவதிற் பயனில்லை. இக்காலக் கருவிகள் பலவற்றில் தட்டைப் பிடித்திருப்பது மின்காந்தம். நேரத்தைக் கணிப்பது இலத்திரன் சுற்று.

சிக்கிய துண்டைக் கத்தியால் கிளறும் பழக்கம் மிகப் பொல்லாதது. உள்ளிருக்கும் கம்பிக்கு உறை பெரும்பாலும் இல்லை. பாண் மேலெழுந்தவுடன் மின்சாரம் அகன்றுவிட்டதென நம்புவதும் தவறு. ஆளி ஒரு கம்பியை மாத்திரம் துண்டிப்பதாயிருந்து, சுவரிலுள்ள இணைப்பும் மாறியிருப்பின், சிவக்காத கம்பியிலும் மின்னழுத்தம் நிற்கும். அதனைத் தீண்டிய கத்தி உயிரையே வாங்கக்கூடும். செருகியைச் சுவரினின்று கழற்றி, கருவி ஆறியபின் அதனைக் கவிழ்த்து மெல்லத் தட்டினால் துண்டு தானே விழும். அடித்தட்டிற் சேரும் பாண் தூளையும் அப்பொழுதே அகற்றிவிடலாம். அத்தூள் தீப்பற்றவுங் கூடும்.